ஆர்.சி. ராக் கிராலர் சஸ்பென்ஷன்: ஆர்டிகுலேஷனையும் ஷாக் டிராவலையும் டியூன் செய்ய முழுமையான வழிகாட்டி

கிராலர் என்பது ரிமோட்டில் ஓடி, மெதுவாகப் பாறை ஏறும் சிறு வண்டி. இதன் படங்களில் அதிகம் லைக் வாங்குவது ஒரே மாதிரிப் படம்தான். ஒரு முன்சக்கரம் பாறை மேல், அதன் ஜோடி பள்ளத்தின் அடியில், இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் தாறுமாறாகச் சாய்ந்து நிற்கும். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கிய அந்த டயருக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் காகிதம் தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். டயர் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தாத டயர் வெறுமனே சுழலும், வண்டியைத் தள்ளாது.

சக்கரம் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்பதைவிட, இறங்கிய இடத்தில் எத்தனை கிராம் அழுத்துகிறது என்பதைத்தான் இங்கே துரத்தப் போகிறோம். கணக்குகள் எல்லாம் 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), முன்னும் பின்னும் இடது, வலது சக்கரங்களை ஒரே கட்டையாக இணைக்கும் ஆக்ஸில் கொண்ட வண்டிகளுக்கானவை. 1/18, 1/24 வண்டிகளுக்கும் வழி இதேதான். ஆனால் அவற்றின் எடை குறைவு என்பதால் ஷாக்குக்குள் (குலுக்கலை வாங்கும் ஸ்பிரிங்-ஆயில் குழாய்) ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் உராய்வே பெரிய விஷயமாகிவிடும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஷாக் முழுதாக நீண்ட நிலைக்கும் முழுதாக அமுங்கிய நிலைக்கும் உள்ள தூரம்தான் ஷாக் டிராவல். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். அங்கிருந்து மேலே அமுங்க மிச்சமிருப்பது பம்ப், கீழே நீள மிச்சமிருப்பது ட்ரூப். ஆர்டிகுலேஷன் என்பது ஒரு பக்கம் பம்பும் மறுபக்கம் ட்ரூப்பும் ஒரே நேரத்தில் செலவாகி ஆக்ஸில் சாய்வது. ட்ரூப் 4 மி.மீ. மட்டுமே இருக்கும் வண்டியில் 100 மி.மீ. ஷாக்கை மாட்டினாலும் பலன் இருக்காது.

ஷாக் நகரும் தூரமும் சக்கரம் நகரும் தூரமும் ஒன்றல்ல. இரண்டு டயர்களின் மையத்துக்கு இடையே 200 மி.மீ., ஆக்ஸிலில் ஷாக் மாட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 110 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷாக் 10 மி.மீ. அமுங்கி மற்றது 10 மி.மீ. நீண்டால், டயர்கள் தலா 18 மி.மீ. நகரும். இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 36 மி.மீ. ஷாக்கை உள்பக்கமாகத் தள்ளி மாட்டினால் அதே டிராவலில் இன்னும் அதிகச் சாய்வு கிடைக்கும், வண்டியின் சட்டமான சேசிஸின் ஆட்டமும் கூடும். வெளிப்பக்கம் தள்ளினால் நேர் எதிர். வண்டி வாங்கியவுடன் ஒரு ஸ்கேலை எடுத்து இந்த இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும்.

படி 1: எடை போடுங்கள்

பேட்டரி, பாடி, உள்ளே ஒட்டிய அலங்காரச் சாமான்கள் உட்பட ஓட்டும் நிலையில் வண்டியை வையுங்கள். ஒரு சக்கரத்தின் அடியில் சிறிய எலக்ட்ரானிக் தராசு, மற்ற மூன்றின் அடியில் தராசின் அதே உயரத்துக்குக் கட்டைகள். நான்கு மூலைகளையும் இப்படி எடுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியை லேசாக அமுக்கிவிட்டு, தானாக எழும்ப விட்ட பிறகு எண்ணைப் படியுங்கள். இல்லாவிட்டால் ஷாக்கின் உராய்வு பொய் சொல்லும்.

மொத்தம் 2,800 கிராம் என்றால் முன்பக்கம் 1,600, பின்பக்கம் 1,200 அளவில் இருப்பது ஏறுவதற்கு நல்லது. அதாவது முன்னால் 55 முதல் 60 சதவீதம். பின்பக்கம் கனமாக இருந்தால் சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன் பேட்டரியை முன்னால் கொண்டுவருவதே சுலபமான வழி. இடது, வலது வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் பேட்டரி ட்ரேயை நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஸ்பிரிங்கை முறுக்கி இதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்து, ஸ்பிரிங் தாங்காத எடை எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஷாக்குகளின் கீழ்முனைகளைக் கழற்றி, சேசிஸை முட்டுக்கொடுத்து நிறுத்தி, சக்கரங்களை மட்டும் தராசில் வைத்தால் தோராயமாக ஒரு எண் கிடைக்கும். முன் மூலையில் மொத்தம் 800 கிராம், அதில் சக்கரமும் பாதி ஆக்ஸிலும் சேர்ந்து 380 கிராம் என்றால், ஸ்பிரிங் சுமப்பது 420 கிராம். இந்த 420-ஐ வைத்துத்தான் படி 4-இல் ஸ்பிரிங் தேர்வு செய்யப் போகிறோம்.

படி 2: எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வேலைக்குக் காசு செலவில்லை. அதனால்தானோ என்னவோ பலரும் இதைச் செய்வதில்லை. புது ஷாக் வாங்கி மாட்டிவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் சிக்கல் ஷாக்கில் இருக்காது, ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கம்பியான லிங்க்கில் இருக்கும்.

நான்கு ஷாக்கையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள். சேசிஸை ஒரு டப்பாவின் மேல் வைத்து, சக்கரங்கள் தொங்கும்படி விடுங்கள். இப்போது முன் ஆக்ஸிலின் ஒரு முனையை ஒற்றை விரலால் மேலே தள்ளுங்கள். எந்தத் தடையும் இல்லாமல், வழவழவென்று சாய வேண்டும். நடுவில் எங்கேயாவது கனத்தால், அல்லது விட்டவுடன் திரும்பி வராமல் அப்படியே நின்றால், ஏதோ ஒன்று பிடிக்கிறது.

பிடிப்பது பெரும்பாலும் லிங்க் முனைதான். லிங்க்கின் இரு முனைகளிலும் உள்ள பிளாஸ்டிக் கப், அதற்குள்ளே பந்து. ஒரு முனையின் கப் ஒரு திசையிலும் மறுமுனையின் கப் கொஞ்சம் திரும்பிய திசையிலும் நின்றால், ஆக்ஸில் பாதி சாய்ந்தவுடனே ஒரு முனை தன் எல்லையைத் தொட்டுவிடும். லிங்க்கை விரல்களுக்கு நடுவே பிடித்துத் திருகிப் பாருங்கள். ஆக்ஸில் சமமாக இருக்கும்போது லிங்க் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு முனையைக் கால் சுற்று, அரைச் சுற்று திருகிச் சரிசெய்யுங்கள். எட்டு லிங்க்குகளையும் இப்படிப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகலாம். பல வண்டிகளில் இந்த அரை மணி நேரத்திலேயே ஆர்டிகுலேஷன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடிவிடும்.

அப்புறம் வரிசையாக மற்றவை. மேல் லிங்க் மோட்டாரிலோ சேசிஸின் நடு பிளேட்டிலோ உரசுகிறதா? முன்னால் பேன்ஹார்ட் கம்பி (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) இருந்தால் அது டிஃப் கவரில் (ஆக்ஸிலில் உள்ள கியர்களின் மூடி) தட்டுகிறதா? ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டாரான சர்வோவின் ஒயர் இழுபடுகிறதா? ஷாக்கின் கீழ் ஸ்க்ரூ அளவுக்கு மேல் டைட்டாகி ஷாக் முனையை நசுக்குகிறதா? இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஷாக் தன் ஸ்க்ரூவில் சுதந்திரமாக ஊசலாடாவிட்டால், உள்ளே போய்வரும் கம்பியான ஷாஃப்ட் வளைய முயன்று இறுகும். எவ்வளவு நல்ல ஷாக்காக இருந்தாலும் அது வீண்தான்.

மோட்டாரின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலை முழுதாகக் கீழே இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 'டக், டக்' என்று சிக்கினால் ஜாயிண்ட்டின் கோணம் எல்லையைத் தாண்டிவிட்டது. நீளும் வகை டிரைவ் ஷாஃப்ட் என்றால், ஆக்ஸில் கீழே போகும்போது இரண்டு பாகமும் எவ்வளவு ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன என்று பாருங்கள். சில மி.மீ. மட்டுமே மிச்சம் என்றால் பாறையில் முழு முறுக்கு வரும்போது அது கழன்றுவிடும் அல்லது உடைந்துவிடும். மேலே போகும்போது முழுதாக மூடி முட்டுகிறதா என்பதையும் பாருங்கள். இதை எல்லாம் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் ஒருமுறை செய்யுங்கள். நேராக இருக்கும்போது இடிக்காத டயர், திரும்பிய நிலையில் லிங்க்கிலோ பம்பரிலோ இடிக்கும்.

சரி, இடிப்பதை எல்லாம் நீக்கிய பிறகும் ஒரு இயற்கையான எல்லை இருக்கும். அது எந்த இடம், எது தடுக்கிறது என்று எழுதி வையுங்கள். ஷாக் அந்த எல்லைக்குச் சற்று முன்பாகவே நின்றுவிட வேண்டும். ஜாயிண்ட்டோ லிங்க்கோ தடுப்புச் சுவராக நின்றால், முதலில் உடைவது அதுதான்.

படி 3: ஷாக்கைச் சரியாகக் கட்டுங்கள்

ஷாக்கைப் பிரித்து ஷாஃப்ட்டை ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் மாற்றுங்கள். ஓ-ரிங்குக்கு ஷாக் ஆயில் தடவி மாட்டுங்கள். ஆயில் ஊற்றாமல் ஷாஃப்ட்டை நகர்த்தினால் அது தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அப்படி இறங்காவிட்டால் ஓ-ரிங்கை அழுத்தும் மூடி ரொம்ப இறுகியிருக்கிறது, அல்லது ஓ-ரிங் ஊதிவிட்டது. கிராலரில் ஸ்பிரிங் மிக மென்மையானது. சில கிராம் உராய்வுகூட அதன் வேலையைத் தின்றுவிடும்.

ஆயிலை விளிம்புவரை ஊற்றி, ஷாஃப்ட்டின் உள்முனையில் உள்ள பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். வேகமாக நகர்த்தினால் காற்று இன்னும் நுண்ணிய குமிழாகி ஆயிலோடு கலந்துவிடும். சில நிமிடம் நிற்க வையுங்கள், குமிழ்கள் மேலே வந்துவிடும். மூடும்போது ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம் வரும். 3 மி.மீ. ஷாஃப்ட் 30 மி.மீ. உள்ளே போனால் அது சுமார் 0.2 மி.லி. இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆயில் அமுங்காது, எனவே அந்த 0.2 மி.லி.க்கு எங்காவது இடம் வேண்டும். மூடியில் ரப்பர் பை இருந்தால் அது சுருங்கி இடம் கொடுக்கும். இல்லாத வகையில் அந்த அளவுக்குக் காற்று உள்ளே இருந்தே ஆக வேண்டும். ஷாஃப்ட்டை முழுதாக உள்ளே தள்ளிய நிலையில், வழியும் ஆயிலை விட்டுவிட்டு மூடினால், ஷாக் தானாக எகிறித் திரும்பாது. எங்கே விட்டாலும் அங்கேயே அடங்கி நிற்கும். கிராலருக்கு இப்படி 'செத்த' ஷாக்தான் நல்லது. ஷாஃப்ட்டை வெளியே வைத்து மூடினால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, நீங்கள் கணக்கில் வைக்காத ஒரு ஸ்பிரிங் உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

எந்த ஆயில்? 1/10 வண்டிக்கு 30 வெயிட், அதாவது சுமார் 350 சி.எஸ்.டி. (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு), ஒரு நல்ல தொடக்கம். வெயிட் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். வேறு பிராண்டுக்கு மாறும்போது சி.எஸ்.டி. எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வண்டி அசையாமல் நிற்கும்போது ஆயிலுக்கு வேலையே இல்லை. எத்தனை கிராம் எந்த டயரில் என்பதை அது மாற்றாது. எவ்வளவு வேகத்தில் எடை ஒரு டயரிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது என்பதை மட்டும்தான் மாற்றும். சக்கரம் ஒரு விளிம்பிலிருந்து 'தடால்' என்று விழுந்து, சேசிஸும் கூடவே குலுங்கினால் ஆயில் மெல்லியது. சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கிக்கொண்டு, யோசித்து யோசித்து இறங்கினால் தடிமன் அதிகம். வெயில் ஏறும்போது ஆயில் இளகும் என்பதால், நீங்கள் ஓட்டும் நேரத்துச் சூட்டிலேயே சோதியுங்கள். பிஸ்டனில் துளை எண்ணிக்கையை மாற்றும் வசதி இருந்தால் அதையும் ஆயிலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

படி 4: ஸ்பிரிங்கும் ட்ரூப்பும்

இந்த வழிகாட்டியில் படி 2-ஐத் தவிர இன்னும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்போது ஷாஃப்ட் வெளியே தெரியும் நீளத்தை அளங்கள். பிறகு தரையில் வைத்து, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு மறுபடியும் அளங்கள். வித்தியாசம்தான் உங்கள் ட்ரூப். மொத்த டிராவல் 30 மி.மீ. என்றால் ட்ரூப் 10 முதல் 15 மி.மீ.க்குள், அதாவது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருக்கட்டும்.

பெட்டியிலிருந்து வரும் பல வண்டிகளில் இது 3, 4 மி.மீ.தான் இருக்கும். ஸ்பிரிங் கடினமாக இருப்பதே காரணம். மேலே பார்த்த 420 கிராமை எடுத்துக்கொள்வோம், அது சுமார் 4.1 நியூட்டன். ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 1 நியூட்டன் என்றால் வண்டி 4 மி.மீ. மட்டும் அமரும். ட்ரூப்பும் அவ்வளவுதான். அந்த 4 மி.மீ. தீர்ந்தவுடன் ஷாக் முழுதாக நீண்டு நின்றுவிடும். பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தால் ஷாக்கே சக்கரத்தை அந்தரத்தில் பிடித்துத் தொங்கவிடும். காகிதம் சுலபமாக உருவிக்கொண்டு வருவது இங்கேதான். விறைப்பு மி.மீ.க்கு 0.34 நியூட்டன் என்றால் அதே எடைக்கு 12 மி.மீ. அமரும், ட்ரூப் மூன்று மடங்கு. ஷாக் அதேதான், டிராவல் அதேதான்.

ட்ரூப் தீரும் அந்தக் கடைசி இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். அந்தப் பக்க ஸ்பிரிங் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். டயரை அழுத்துவது முக்கியமாக ஆக்ஸில், சக்கரத்தின் சொந்த எடை. அதோடு, எதிர்ப்பக்க ஷாக் தாங்கும் எடையில் ஒரு பங்கு ஆக்ஸில் வழியாக இங்கே வரும். ஷாக் ஆக்ஸிலின் நடுவை நோக்கி எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு அதிகப் பங்கு. நம் 200, 110 கணக்கில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். சக்கரத்துக்குள்ளும் ஆக்ஸில் முனையிலும் பித்தளை எடை சேர்ப்பது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். வண்டியின் எடை மையம் கீழே இறங்குவது ஒரு பலன் என்றால், தொங்கும் டயருக்குச் சொந்த அழுத்தம் கிடைப்பது இன்னொன்று. எடையை எல்லாம் முன்னால் சேருங்கள், பின்னால் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

ஷாக்கின் மேல் உள்ள வளையத்தை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைப்பது பரவலான தவறு. விறைப்பு மாறாது, வண்டி மேலே எழும்பும், ட்ரூப் குறையும். வளையத்தை முழுதாக மேலே விட்ட பிறகும் வண்டி உயரமாகவே நின்றால் வேறு ஸ்பிரிங் வேண்டும்.

இதையே கோடிவரை கொண்டுபோவதும் உண்டு: வெளி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அல்லது பிஸ்டனுக்குக் கீழே ஒரு சிறு ஸ்பிரிங்கை வைத்து, வண்டியை முழுதாக அமுங்கிய நிலையிலேயே நிற்கவிடுவது. டிராவல் முழுக்க ட்ரூப். சேசிஸ் தரையோடு ஒட்டி நிற்கும், பக்கச் சரிவில் கவிழவே கவிழாத மாதிரி உணர்வு வரும். ஆனால் பம்ப் சுத்தமாக இல்லாததால் பாறை ஒன்றில் சக்கரம் ஏறியவுடன் சேசிஸும் கூடவே ஏறும். அடிப்பகுதி பாறையில் உட்காரும் வாய்ப்பும் அதிகம். போட்டிப் பாதைகளுக்கு இது பொருந்தும். கனமான பாடி போட்டு கரடுமுரடான பாதைகளில் நிதானமாக ஓட்டுபவர்களுக்குப் பம்பும் ட்ரூப்பும் பாதிக்குப் பாதி இருக்கும் அமைப்பே சுகம் என்பது என் கருத்து.

படி 5: ஷாக் மாட்டும் இடம், எல்லைத் தடுப்பு

ஷாக்கின் மேல்முனையை மாட்டும் ஷாக் டவரில் பல துளைகள் இருக்கும். ஷாக்கைச் சாய்த்து மாட்டினால் ஸ்பிரிங் மென்மையானது போல நடந்துகொள்ளும். நிமிர்த்தினால் கடினம். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால், ஆக்ஸில் 20 மி.மீ. ஏறும்போது ஷாக் சுமார் 17 மி.மீ.தான் நகரும், சக்கரத்தில் உணரும் விறைப்பு நான்கில் மூன்றாகக் குறையும். கையில் மென்மையான ஸ்பிரிங் இல்லாத நேரத்தில் இது நல்ல தந்திரம். 45 டிகிரியைத் தாண்டினால் விறைப்பு பாதிக்கும் கீழே போய், சேசிஸ் தொளதொளவென்று ஆடத் தொடங்கும்.

நீளமான ஷாக் வாங்குவது பற்றி: 90-க்குப் பதில் 100 மி.மீ. ஷாக்கை அதே துளைகளில் மாட்டினால் வண்டி உயரும், அவ்வளவே. மேல் துளையை மாற்றி, நிற்கும் உயரத்தைப் பழையபடி கொண்டுவந்தால் மட்டுமே கூடுதல் நீளம் ட்ரூப்பாக மாறும். அதற்கு டிரைவ் ஷாஃப்ட் இடம் கொடுக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

எல்லையைக் கட்டுப்படுத்த விலை மலிவான வழி சிறு ரப்பர் குழாய்த் துண்டுகள்தான். ஷாக்குக்கு உள்ளே, பிஸ்டனுக்குக் கீழே ஷாஃப்ட்டில் செருகினால் ஷாக் நீள்வது குறையும். வெளியே, ஷாஃப்ட்டின் கீழ்ப்பகுதியில் செருகினால் அமுங்குவது குறையும். படி 2-இல் எழுதிவைத்த எல்லைக்கு 2 மி.மீ. முன்பாக ஷாக் நிற்கும்படி துண்டுகளை வெட்டுங்கள். நான்கையும் ஒரே நீளத்தில் வெட்ட வேண்டிய அவசியமில்லை. முன்னும் பின்னும் வேறாக இருக்கலாம், இடமும் வலமும் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 6: முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள கணக்கு

செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் போகும். முன் ஷாக் நீளும், பின் ஷாக் அமுங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் ட்ரூப் அளவுக்கு மேல் இருந்தால் இது இன்னும் மோசமாகி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். அதனால் முன்பக்க ட்ரூப்பைக் கொஞ்சம் கட்டுப்படுத்தி, பின் ஸ்பிரிங்கை அது சுமக்கும் எடைக்கு ஏற்பச் சற்றே விறைப்பாக வையுங்கள். சேசிஸ் எப்போதும் விறைப்பான பக்கத்தைத்தான் பின்பற்றிச் சாயும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்பக்கம் விறைப்பாக இருந்தால் சேசிஸ் பின் ஆக்ஸிலோடு போகும், முன் ஆக்ஸில் தன்னிச்சையாகப் பாறையைத் தேடும். பெரும்பாலான பாதைகளில் இதுவே கைகொடுக்கும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் ஒரு மூலை மட்டும் எழும்பினால் அது டார்க் ட்விஸ்ட். டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும்போது அதன் எதிர்விசை சேசிஸைத் திருப்புகிறது. ஏற்றத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக த்ராட்டில் கொடுத்தால் எந்த மூலை என்று கண்ணால் பார்க்கலாம். எழும்பும் பக்கத்தில் ஸ்பிரிங் வளையத்தை ஒன்றிரண்டு சுற்று இளக்கியோ, எதிர்மூலையில் சற்று முறுக்கியோ கொஞ்சம் சமாளிக்கலாம். முழுத் தீர்வு கியரில் இருக்கிறது. 2017-இல் வந்த டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4 போன்ற போர்ட்டல் ஆக்ஸில் வண்டிகளில் சக்கரத்தின் அருகிலேயே கடைசிக் கியர் குறைப்பு நடக்கிறது. அதனால் டிரைவ் ஷாஃப்ட் சுமக்கும் முறுக்கு குறைகிறது, சேசிஸும் குறைவாகத் திரும்புகிறது.

முன்னால் பேன்ஹார்ட் இருந்தால், அதுவும் சர்வோவிலிருந்து வரும் ஸ்டீயரிங் கம்பியும் ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும்.

படி 7: அளந்து பாருங்கள்

20 டிகிரி சாய்வில் ஒரு பலகை தயார் செய்யுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் அதில் ஏற்றுங்கள். ஏதாவது ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பும் நொடியில் நிறுத்தி, சக்கரம் பலகையின் மேல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளங்கள். அதை வீல்பேஸால் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) வகுத்து 1000-ஆல் பெருக்கினால் வருவது ஆர்.டி.ஐ. (Ramp Travel Index) எண். வீல்பேஸ் 313 மி.மீ., ஏறிய தூரம் 220 மி.மீ. என்றால் 703. நிஜ ஜீப்புகளுக்கும் இதே அளவுகோல்தான்.

இந்த எண்ணை மட்டும் துரத்தினால் நாம் மறுபடியும் அந்த லைக் வாங்கும் படத்துக்கே போய்ச் சேருவோம். அதனால் இரண்டாவது சோதனை. அதே பலகையில், எழும்பும் இடத்துக்கு 20 மி.மீ. முன்பாக வண்டியை நிறுத்தி, மிக லேசாக நிற்கும் சக்கரத்தின் அடியில் தராசை வையுங்கள். மற்ற இரண்டு சக்கரங்களுக்கும் அதே உயரத்துக் கட்டை, பலகைக்கு அடியிலும் அதே கட்டை. சமதரையில் அந்த மூலை காட்டிய எடையில் பாதியாவது வந்தால் நன்று. மூன்றாவது, பக்கச் சரிவு: வண்டியைப் பலகையில் குறுக்காக நிறுத்தி, மேல்பக்கச் சக்கரங்கள் எழும்பும்வரை பலகையைச் சாய்த்து, ஃபோனில் உள்ள கோணமானியால் கோணத்தை எடுங்கள்.

ஒரு நோட்டில் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் மறுபடி மூன்றும். ஆர்.டி.ஐ. 40 கூடி, சரிவுக் கோணம் 5 டிகிரி குறைந்தால் அந்த மாற்றத்தைத் திருப்பிப் போடுங்கள் என்பேன். பாறையில் கவிழ்வது அடிக்கடி நடப்பது, முழு ஆர்டிகுலேஷன் தேவைப்படுவது எப்போதாவதுதான்.

பாறையில் ஓட்டும்போது கவனிக்க

ஒரு மாற்றம், ஒரே பாதை, ஒரே டயர், ஒரே பேட்டரி. டயருக்குள் இருக்கும் ஃபோம் மாறினால்கூடச் சோதனை கெட்டுவிடும். மென்மையான ஃபோம் சஸ்பென்ஷனின் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்துவிடும்.

முன்சக்கரம் விளிம்பைத் தொட்டுவிட்டு ஏறாமல் சுழன்றால், முன்னால் எடை போதவில்லை. பித்தளை சேருங்கள், ஷாக்கைத் தொட வேண்டாம். குறுக்காக இரண்டு சக்கரம் தொங்கி வண்டி நின்றுவிட்டால் ட்ரூப் குறைவு, படி 4. வண்டி குறுக்கு மூலைகளில் 'லொடக், லொடக்' என்று மாறி மாறிச் சாய்ந்தால் ட்ரூப் முழுதாகத் தீர்ந்து, இரண்டு ஷாக்கின் மேல் மட்டும் சேசிஸ் தள்ளாடுகிறது. ஸ்பிரிங் கடினமா என்று பாருங்கள். சரிவில் மெல்ல மெல்லக் கவிழ்ந்தால் ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன், பாடியின் மேல் இருக்கும் கேரியர், அதில் ஏற்றிய பொம்மைச் சாமான்களைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். 150 கிராம் சாமான் மேலே இருப்பது, எந்த ஷாக்காலும் ஈடுகட்ட முடியாத எடை.

ஓட்டி முடித்தபின் ஷாஃப்ட்டைத் துணியால் துடையுங்கள். மணல் ஒட்டிய ஷாஃப்ட் ஓ-ரிங்கை அறுக்கும். ஷாக்கின் அடியில் ஆயில் ஈரம் தெரிந்தால் அன்றே பிரித்து ஓ-ரிங் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆயில் குறைந்த வண்டியில் எடுக்கும் எண்கள் எதையும் நோட்டில் எழுதாதீர்கள்.